மச்சாளின் விரதமும் ஆற்றங்கரைச் சந்தையும்

வீட்டு வாசலில் கிடக்கிற சாமானைப் பார்க்க விமானம் ஏறி லண்டனுக்குப் போன ஆள் நானாகத்தான் இருப்பேன். 2009 டிசம்பர் அது. நாங்கள் இருப்பது ஜேர்மனியில். எங்கள் நகரத்துச் சதுக்கத்தில் நவம்பர் கடைசியிலேயே மரக் கொட்டில்களைப் போட்டுக் கிறிஸ்மஸ் சந்தையைத் தொடங்கிவிடுவார்கள். சீனி போட்டு வறுத்த பாதாமின் மணம் எங்கள் குசினி ஜன்னல் வரைக்கும் வரும். அதே கொட்டிலும் அதே பாதாமும் அதே சூடான வைனும் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் வந்திருக்கின்றனவாம், ஜேர்மன்காரரே வந்து கடை போட்டிருக்கிறார்களாம், அதைப் பார்க்க வரட்டாம் என்று லண்டன் பிளேஸ்டோவில் இருக்கிற மச்சாள், என் கணவரின் அக்கா, போனில் கூப்பிட்டார்.

என்னை நேரே கூப்பிடவில்லை. ஆகஸ்டிலிருந்து என்னோடு நேரே பேச அவருக்கு வாய் வரவில்லை. தன் தம்பியிடம் சொன்னார், தம்பி என்னிடம் சொன்னார். "ஒருக்காப் போட்டு வாருமப்பா, எத்தினை நாளைக்குத்தான் ரெண்டு பேரும் இப்பிடி இருக்கப் போறியள்," என்றார் என் கணவர். அவருக்கு ஷிப்ட் வேலை, வர ஏலாது. நான் மட்டும் ஒரு சனி ஞாயிறுக்குப் புறப்பட்டேன். சந்தை பார்க்கிற ஆசையில் போனேன் என்று அவர் நினைத்திருப்பார், பாவம். மச்சாளின் வாயிலிருந்து ஒரேயொரு சொல்லை எடுக்கத்தான் நான் போனேன். "பிழை விட்டிட்டன்." அவ்வளவுதான். அது வராவிட்டால், சாகும்வரை மறக்க முடியாதபடி அவருக்கு ஏதாவது செய்துவிட்டுத்தான் திரும்புவது என்றும் நினைத்திருந்தேன். என்ன செய்வது என்று மட்டும் அப்போது தெரியாது.

ஆகஸ்டில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு விசர் என்று நினைப்பீர்கள்.

மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு. பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற சடங்கு. தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும், அவரின் மனைவி பிள்ளைக்குப் பால் அறுகு வைக்க வேண்டும், ஆலாத்தி எடுக்க வேண்டும். தாய்மாமன் என் கணவர், ஆலாத்தி எடுக்கிற மாமி நான். சனிக்கிழமைக்கு மண்டபம் எடுத்து, வீடியோக்காரரைப் பிடித்து, பிள்ளையைச் சுமந்து வரப் பல்லக்கு ஒன்றும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு நாள் முந்தியே போய் மச்சாள் வீட்டில் நின்றோம்.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் என் அம்மா செத்துப்போனார். நெஞ்சுவலி. அம்மாவோடு இருந்த என் தம்பி என்னுடைய ஜேர்மன் நம்பருக்கு எடுத்திருக்கிறான், அது லண்டனில் வேலை செய்யவில்லை. பிறகு மச்சாள் வீட்டு நம்பருக்கு எடுத்தான். நான் மேல் அறையில் பலகாரத் தட்டுகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்தவர் மச்சாள். அக்காவுக்குப் பிரஷர் இருக்கு, நான் பக்குவமாச் சொல்லி எடுக்கச் சொல்லுறன், நீர் அங்கை அலுவலைப் பாரும் என்று தம்பிக்குச் சொல்லி வைத்துவிட்டார். பிறகு படியேறி மேலே வந்தார். பயித்தம் பணியாரம் காணுமோ, இன்னும் செய்ய வேணுமோ என்று என்னிடம் கேட்டார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. பச்சைத் தண்ணி குடிக்கிற மாதிரி நின்று கேட்டார்.

ஏன் மறைத்தார்? துடக்கு, சாவுத் தீட்டு. எங்கள் பக்கத்து வழக்கத்தில் அம்மா செத்தால் மகளின் வீட்டுக்கும் துடக்கு. துடக்கு உள்ளவர்கள் நல்ல காரியத்தில் நிற்கக் கூடாது. எனக்குச் சொன்னால் என் கணவர் தேங்காய் உடைக்க முடியாது, நான் ஆலாத்தி எடுக்க முடியாது, மண்டபமும் பல்லக்கும் வந்த சனமும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே சொல்லவில்லை. என் கணவருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்க நான் சிரித்தேன். சிவப்புக் காஞ்சிபுரம் உடுத்து, கொண்டை நிறையப் பூ வைத்துக்கொண்டு சிரித்தேன். மாமி இங்கை பாருங்கோ, சிரியுங்கோ என்று வீடியோக்காரர் சொன்னார், அவருக்காக இன்னும் கொஞ்சம் சிரித்தேன். அதே நாள் அங்கே அம்மாவின் செத்தவீடு. வெளிநாடுகளுக்கு வந்த பிறகு எங்கள் சனத்திடம் ஒரு புதுப் பழக்கம் உண்டாகியிருக்கிறது. செத்தவீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகள் போன் எடுப்பார்கள். அங்கே நிற்கிற யாராவது அந்தப் போனைப் பிரேதத்தின் காதில் வைத்துப் பிடிப்பார்கள். பிள்ளைகள் இங்கேயிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கத்தி அழுவார்கள். பிரேதத்துக்குக் கேட்குமா என்று யாரும் கேட்பதில்லை. அழுகிறவருக்கு அது வேண்டும்.

என் தம்பி கையில் போனோடு அம்மாவின் தலைமாட்டில் நின்றானாம். மச்சாள் வீட்டுக்குத் திரும்ப எடுத்தால் அங்கே யாரும் இல்லை, எல்லாரும் மண்டபத்தில். அக்கா போன் எடுப்பா, கொஞ்சம் பொறுங்கோ என்று ஐயரைக் கெஞ்சி மறித்து வைத்திருந்தானாம். வெயில் ஏற, இனி வைத்திருக்க ஏலாது என்று தூக்கிவிட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம், மிஞ்சின சோறு கறியெல்லாம் சாப்பிட்டு முடிந்த பிறகு, மச்சாள் என்னை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திச் சொன்னார். நான் தரையில் விழுந்து கத்தினேன். அவர் என் முதுகைத் தடவியபடி, "தெரியாத மட்டும் துடக்கில்லை. நீர் ஒரு பிழையும் செய்யேல்லை," என்றார். என்னைத் தேற்றுகிறாராம். நான் பிழை செய்தேன் என்று யார் சொன்னது? அந்த வீட்டில் பிழை செய்த ஆள் யாரென்று அந்தச் சுவருக்குக்கூடத் தெரியும்.

இதுதான் கதை. இவ்வளவு கொதியோடும் 'செய்தார்', 'சொன்னார்' என்று மரியாதையாகத்தான் எழுத வருகிறது. என்ன செய்ய, வளர்த்த விதம் அப்படி.

டிசம்பரில் நான் போய் இறங்கிய வெள்ளி பின்னேரம் மச்சாள் கதவைத் திறந்ததும் முதலில் கண்டது அவரின் இடக்கை. மணிக்கட்டில் புது நூல் காப்பு. கார்த்திகை விளக்கீடு முடியத் தொடங்கி மார்கழி வரைக்கும் போகிற பிள்ளையார் விரதம். இருபத்தொரு நாளும் காப்புக் கட்டி, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, மச்சம் மாமிசம் தொடாமல் பிடிக்கிற விரதம். மச்சாள் இதில் வலு கடுமை. வீட்டில் மீன் சட்டியைக்கூட வெளியே கராஜில் கொண்டுபோய் வைத்துவிடுவார். சிப்ஸ் கடைக்குப் போனால், என்ன எண்ணெயில் பொரிக்கிறாய் என்று கேட்டு அந்தக் கடைக்காரனின் சீவனை வாங்கிவிடுவார்.

தேத்தண்ணி தந்தார். எப்படிச் சுகம் என்றார். பிறகு, நீர் இன்னும் பார்க்கேல்லைத்தானே என்று சொல்லி, சாமத்தியவீட்டு டிவிடியை எடுத்துப் போட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. போட்டார். ஒரு மனுசிக்கு இவ்வளவுக்குமா மனம் மரத்துப்போகும்? பெரிய டிவியில், பாட்டுப் போட்டு, பூ விழுகிற மாதிரியெல்லாம் ஜோடித்து, நான் சிரிக்கிறேன். ஆலாத்தித் தட்டை மூன்று தரம் சுற்றிவிட்டுக் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அந்த இடத்தை மட்டும் வீடியோக்காரர் மெதுவாக ஓட விட்டிருந்தார். என் பல்லெல்லாம் தெரிந்தது. "எவ்வளவு வடிவா இருக்கிறீர்," என்றார் மச்சாள். நான் எழும்பிக் குளியலறைக்குப் போய்த் துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடிந்து முகம் கழுவும்போது என் மனம் கல்லாகியிருந்தது. இந்த மனுசியின் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வராது. நாளைக்கு ஏதாவது அகப்படும், அகப்பட்டால் விடமாட்டேன் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் ரயில் ஏறிப் போனோம். அவரின் பிள்ளைகள் வரவில்லை. உமக்காக இன்றைய ஒரு நேரச் சாப்பாட்டை அங்கே வெளியில் சாப்பிடுறன் என்று மச்சாள் சொன்னார். விரத நாளில் வெளியே சாப்பிடாத மனுசி இறங்கி வருகிறாராம். நான் தலையாட்டினேன். நடைபாலத்தால் ஆற்றைக் கடக்கும்போதே மணம் வந்துவிட்டது. வறுத்த பாதாம், கறுவா, சுட்ட இறைச்சி. கண்ணை மூடினால் எங்கள் ஊர்ச் சதுக்கம். கண்ணைத் திறந்தால் ஆறும், பெரிய சக்கர ராட்டினமும், லண்டன் முழுக்கத் திரண்டு வந்த மாதிரிச் சனமும்.

சந்தை நல்லாத்தான் இருந்தது, கோபத்துக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன். கரையோரம் முழுக்க வரிசையாக மரக் கொட்டில்கள், கூரையில் பஞ்சால் செய்த பனி. இஞ்சி ரொட்டி இதயங்கள் கயிற்றில் தொங்கின, மரப் பொம்மைகள், மெழுகுதிரிச் சூட்டில் சுழலும் சின்னக் கோபுரங்கள். ஜேர்மனியில் நாங்கள் திரும்பியும் பாராத சாமான்களுக்கு இங்கே சனம் முண்டியடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் முதல் வேலையாக ஒரு நீளமான சொசேஜ் வாங்கி, கடுகுக் கூழைத் தடவி, காற்று மச்சாளின் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்து நின்று தின்றேன். அவர் மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டார். சின்னத்தனம்தான். இருந்தாலும் சாப்பிட்ட ஒவ்வொரு கடியும் ருசித்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மச்சாளும் ஒரு காலத்தில் ஜேர்மனிதான். எனக்கு முந்தி அகதியாக வந்து, பல வருசம் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்தவர். நான் கலியாணம் முடித்து வந்த புதிதில் என்னையும் அந்தக் குசினியில் சேர்த்துவிட்டவர் அவர்தான். டின்களிலும் பெட்டிகளிலும் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டி, இதைத் தொடலாம், இதை வெள்ளிக்கிழமையில் தொடாதையும் என்று காட்டித் தந்தார். பிறகு ஜேர்மன் பாஸ்போட் கிடைத்ததும், பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்க வேணும் என்று எல்லாரையும் போல லண்டனுக்கு மாறிவிட்டார். அதன் பிறகு ஜேர்மன் என்றாலே அவருக்கு இளக்காரம். "அந்த இடியப்பச் சிக்கல் பாசை எனக்கு எப்பவோ மறந்துபோச்சு," என்று எங்கே போனாலும் சொல்லுவார். அன்றைக்கும் பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் என்னைக் கொண்டுதான் வாசிப்பித்தார்.

உருளைக்கிழங்கு அப்பம் சுடுகிற கொட்டிலில் மச்சாளின் கால் நின்றுவிட்டது. துருவின கிழங்கைத் தட்டையாகத் தட்டி, பெரிய இரும்புத் தட்டில் கொதிக்கிற எண்ணெயில் போட, ஓரமெல்லாம் பொன்னிறமாக முறுகி வரும். மேலே ஆப்பிள் கூழை ஊற்றித் தருவார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணி மட்டும் குடித்த மனுசி, கடை வாசலில் நின்று எச்சில் விழுங்கினார்.

"முட்டை போட்டதோ, என்ன எண்ணெய் எண்டு கேளும்," என்றார்.

கடைக்காரி சிவந்த கன்னமும் உரத்த குரலுமான பெண். நான் ஜேர்மனில் கேட்டேன். தன் பாசையைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. முட்டை கிடையாது, கிழங்கும் வெங்காயமும் மாவும் உப்பும்தான் என்றாள். எண்ணெய்? "ஷ்மால்ட்ஸ்," என்று கரண்டியை உயர்த்திக் காட்டிப் பெருமையாகச் சொன்னாள். ஷ்மால்ட்ஸ் என்றால் பன்றிக் கொழுப்பு. சுத்தமான பன்றியின் கொழுப்பு, அதுதான் இந்த மணம், இதை வேறு எண்ணெயில் பொரித்தால் குப்பை என்று பக்கத்துக் கொட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அகப்பட்டுவிட்டது. தேடிப் போகாமலே கைக்குள் வந்து விழுந்திருக்கிறது. தெரியாத மட்டும் துடக்கில்லை என்றீர்களே மச்சாள், இந்தாருங்கள்.

"என்னவாம்?" என்று கேட்டார் மச்சாள்.

"சூரியகாந்தி எண்ணெயாம்," என்றேன். "முட்டையும் இல்லையாம். நீங்கள் பயப்பிடாமல் சாப்பிடலாம்."

மச்சாள் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது, ஆனாலும் நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, அப்ப சரி, வாங்கும் என்றார். கையுறையைக் கழற்றினார், கோட்டின் கையை இழுத்துக் காப்பை மூடினார், காகிதத் தட்டை வாங்கினார். ஆற்றங்கரைக் கம்பியில் சாய்ந்து நின்று சாப்பிட்டார். அவசரப்படாமல், ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, ஆப்பிள் கூழில் தோய்த்து. நான் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். உதட்டில் அந்தக் கொழுப்பு மினுங்கியது. தட்டில் கிடந்த முறுகல் தூளைக்கூட விரலால் ஒற்றி எடுத்தார். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்திலேயே சந்தோசமாக நின்ற நேரம் அதுதான். மனம் குளிர்ந்தது. எனக்கு ஒரு சூடான வைன் வாங்கிக் குடித்தேன், கணவருக்குப் பாதாம் ஒரு பொட்டலம் வாங்கினேன், மச்சாளின் மகளுக்குக்கூட ஒரு இஞ்சி ரொட்டி இதயம் வாங்கினேன்.

ஆனால் பாருங்கள், அவருக்குத் தெரியாமல் இருந்தால் அதில் என்ன பழி? அவர் விரதம் முடித்து, கோயிலில் காப்பை அவிழ்த்து, நிம்மதியாக மோதகம் தின்றுகொண்டிருப்பார். நான் தரையில் விழுந்து கத்தின மாதிரி அவரும் கத்த வேண்டும். அதனால் திரும்பி வரும்போது ரயிலில் சொன்னேன். இருக்க இடம் கிடைத்து, பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"மச்சாள், அந்த அப்பம் பொரிச்சது பன்றிக் கொழுப்பிலை."

சொல்லிவிட்டு அவரின் முகத்தையே பார்த்தேன். வாயைப் பொத்துவார், காப்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரே என்பார், என்னைத் திட்டுவார். எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

"ஓம்," என்றார் மச்சாள். "அவள் சொல்லேக்கை கேட்டது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜேர்மன் மறந்துபோச்சு எண்டு சொன்னனீங்கள் என்றேன்.

"அந்தச் சொல்லை உமக்குச் சொல்லித் தந்ததே நான்தானே. அது மறக்குமே?" மடியில் கிடந்த கையுறையை மடித்தார், திரும்ப விரித்தார். "நீர் என்ன சொல்லுறீர் எண்டு பாத்தனான்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் சாப்பிட்டனீங்கள்?"

"நீர் தந்தனீர், சாப்பிட்டன்," என்றார். பிறகு ரயில் ஏறினதிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார். "இனிச் சரிதானே?"

ஐயோ, அந்தக் கேள்வி! நான் சாப்பிட்ட சொசேஜ் நெஞ்சுக்குள் வந்து நின்றது. பழிவாங்கினேன் என்று குளிர்ந்துபோய் இருந்தேனே, அதை அவர் தன் கையாலேயே வாங்கித் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, சரிதானே என்கிறார். தலைமாட்டில் போனோடு நின்ற என் தம்பிக்கும், வெயிலில் காத்துக் கிடந்த அம்மாவுக்கும், பல்லைக் காட்டிக்கொண்டு ஆலாத்தி எடுத்த எனக்கும் சேர்த்து ஒரு உருளைக்கிழங்கு அப்பம். எனக்கு ஆற்றில் குதிக்கலாம் போல இருந்தது. இல்லை, அவரைத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

"சரியில்லை மச்சாள்," என்றேன். குரல் உயரவில்லை, அது எனக்கே அதிசயம். "பிழை விட்டிட்டன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அது காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றது, சனம் ஏறியது, கதவு மூடியது. இன்னொரு ஸ்டேஷன் போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கோட்டின் கைக்குள் விரலை விட்டுக் காப்பு நூலை உருட்டிக்கொண்டே இருந்தார். பிளேஸ்டோ வந்ததும் எழும்பி, "இறங்கும், ஸ்டேஷன் வந்திட்டுது," என்றார்.

காப்புக் கட்டின கையோடு பன்றிக் கொழுப்பை விழுங்க அந்த மனுசிக்கு ஏலும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஏலாது. ஞாயிறு விடிய அவர் குளித்து, திருநீறு பூசி, ஒன்றும் நடக்காத மாதிரிப் பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றினார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும், விரதம் தொடங்குகிற நாட்களில், மச்சாள் போன் எடுப்பார். கணவர் பேசிவிட்டு, நான் கை நீட்ட மாட்டேன் என்று தெரிந்ததால், போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்துப் பிடிப்பார். காப்புக் கட்டினதை மச்சாள் சொல்லுவார். பிள்ளைகளின் படிப்பைச் சொல்லுவார். ஆற்றங்கரையில் திரும்பவும் கொட்டில் போட்டிருக்கிறார்கள் என்பார். நான் அசையாமல் இருப்பேன். அந்தச் சொல் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அவரின் குரல் கம்மும்.

"கேக்குதோ?" என்பார்.

கேட்கும். பதில் சொல்ல மாட்டேன்.